ரியாக்டர் ஒன்று, பிராசஸ் பல: ட்விஸ்டடுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்ப் பத்தி ஒன்றை அனுப்பினால் சந்திப்பிழைகளைக் குறித்துத் திருப்பித் தரும் சிறிய சர்வர் ஒன்றை எழுதினேன். பைத்தானில், ட்விஸ்டட் என்கிற நெட்வொர்க் நூலகத்தை வைத்து. நான் மட்டும் தட்டிப் பார்த்தவரை ஒழுங்காக ஓடியது. நண்பர்கள் நாலைந்து பேருக்கு முகவரியைக் கொடுத்த அன்றுதான் வண்டவாளம் தெரிந்தது. ஒருவர் இருபது பக்கக் கட்டுரையை அப்படியே ஒட்டினார். அது முடியும்வரை மற்ற எல்லோருடைய திரையும் உறைந்து நின்றது. முகப்புப் பக்கம்கூட வரவில்லை. "சர்வர் விழுந்துடுச்சு" என்று போன் வந்தது. விழவில்லை, வேலையில் மூழ்கியிருந்தது.

இந்த உறைதலை நீக்க, ட்விஸ்டட் சர்வரோடு பல பிராசஸ்களை (தனித்தனியாக ஓடும் நிரல்களை) சேர்த்து ஓட்டுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. நிரல் வரிகளாகக் கொட்டாமல் சொல்லிக்கொண்டே போகிறேன். ஃபங்ஷன் பெயர்களை உச்சரிக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். ட்விஸ்டட் ஆவணத்தில் பிராசஸ்களைப் பற்றிய பகுதியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் அங்கே தென்படும்.

ஏன் உறைகிறது?

ட்விஸ்டடின் நடுவில் இருப்பது ரியாக்டர் என்கிற சுழற்சி. எந்தெந்த சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பின் முனையில்) தரவு வந்திருக்கிறது என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்கும் (லினக்ஸில் ஈபோல் வழியாக). வந்ததை எடுத்து உங்கள் ஃபங்ஷனிடம் கொடுக்கும். அந்த ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் அடுத்ததைப் பார்க்கும். எல்லாம் ஒரே த்ரெட்டில், அதாவது பிராசஸுக்குள் ஓடும் ஒற்றை வேலைச் சரத்தில். நெரிசலான டவுன் பஸ்ஸில் ஒற்றைக் கண்டக்டர் மாதிரி. டிக்கெட் கொடுத்துக்கொண்டே நகர்ந்தால் பஸ் முழுவதையும் ஒரு ஆளே சமாளிப்பார். ஒருவரோடு சில்லறைக்கு மல்லுக்கட்டி நின்றுவிட்டால் பின்படிக்கட்டு வரைக்கும் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

நெட்வொர்க் வேலையில் பெரும்பகுதி காத்திருப்பு என்பதால் இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. சந்திப்பிழை பார்ப்பது காத்திருப்பு இல்லை, சிபியுவைக் குடிக்கிற வேலை. ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, அகராதியில் தேடி, விதிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

முதலில் எல்லோரும் போகிற இடம் த்ரெட். ட்விஸ்டடில் டிஃபர்டுத்ரெட் என்று ஒன்று இருக்கிறது. வேலையை த்ரெட் கூட்டத்துக்குத் தள்ளிவிடும். அந்தக் கூட்டத்தின் இயல்பான உச்ச அளவு 10 த்ரெட். தரவுத்தளத்தைக் கேட்பது, பெரிய கோப்பைப் படிப்பது போன்றவற்றுக்கு இது போதும். முழுக்கப் பைத்தானில் எழுதிய கணக்குக்கு உதவாது, ஏனென்றால் ஜிஐஎல் என்கிற பூட்டு ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும்தான் பைத்தான் கட்டளைகளை ஓட்ட விடுகிறது. பத்து த்ரெட்டும் ஒரே கோருக்குத்தான் அடித்துக்கொள்ளும், ரியாக்டரும் அந்த அடிதடியில் ஒருவர். இந்தப் பூட்டு இல்லாத பைத்தான் 2024-இல் வந்த 3.13-இலிருந்து தனிப் பதிப்பாகக் கிடைக்கிறது. ஆனால் நீங்கள் சாதாரணமாக நிறுவுகிற பைத்தான் அது இல்லை.

ஆகவே தனித் தனி பிராசஸ்தான் வழி.

செய்யக் கூடாதது

நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்களும் அதே இடத்தில் கால் வைக்கப் போகிறீர்கள். பைத்தானோடு வருகிற மல்டிபிராசஸிங் நூலகத்தை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் ட்விஸ்டட் சர்வருக்குள்ளிருந்தே நாலு பிராசஸைக் கிளப்பினேன். சில நேரம் ஓடியது. சில நேரம் சம்பந்தமே இல்லாத இணைப்பு அறுந்தது. இன்னும் சில நேரம் ஒன்றுமே நடக்காமல் தொங்கியது. இப்படி 'சில நேரம்' என்று சொல்ல நேர்ந்தாலே அடிப்படையில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோளாறு ஃபோர்க்கில் இருந்தது. லினக்ஸில் மல்டிபிராசஸிங் நெடுங்காலம் ஃபோர்க் முறையில்தான் பிராசஸைத் தொடங்கியது. ஃபோர்க் என்றால் ஓடுகிற பிராசஸை அப்படியே நகல் எடுப்பது. ரியாக்டரும் நகலாகிவிடும். இன்னும் மோசம், ஈபோல் என்பது கெர்னலுக்குள் இருக்கிற ஒரு பட்டியல். ஃபோர்க் செய்தால் அது நகலாகாது, தாயும் (மூல பிராசஸ்) பிள்ளையும் (அதிலிருந்து பிறந்தது) ஒரே பட்டியலைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பிள்ளை தன் பக்கத்தில் ஒரு சாக்கெட்டைப் பட்டியலிலிருந்து நீக்கினால் தாயின் பட்டியலிலிருந்தும் அது போய்விடும். ரியாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப உள்ளே ஒரு பைப் (பைட்டுகள் போகும் குழாய்) உண்டு, அதுவும் பொதுச் சொத்தாகிவிடும். பிள்ளை தன்னை எழுப்பிக்கொள்ளப் போய்த் தாயை எழுப்பும்.

மேக்கில் 2019-இல் பைத்தான் 3.8 வந்தபோதே ஃபோர்க்கை இயல்புநிலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். லினக்ஸில் 2025 அக்டோபரில் வந்த 3.14-இல்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகும் இணையத்தில் கிடைக்கிற பழைய உதாரணங்கள் ஃபோர்க்கை நம்பியே எழுதப்பட்டவை, பார்த்து ஒட்டுங்கள்.

சரி, பிறகு எப்படித்தான் செய்வது? பிராசஸைத் தொடங்கும் பொறுப்பை ரியாக்டரிடமே விட்டுவிட வேண்டும். ரியாக்டருக்குத் தெரிந்த ஒரே தொழில் ஃபைல் டிஸ்கிரிப்டர்களை (திறந்த கோப்பு, சாக்கெட், பைப் ஒவ்வொன்றுக்கும் கெர்னல் தரும் எண்) கவனிப்பது. பிள்ளை பிராசஸின் பைப்பும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர்தான். நெட்வொர்க் இணைப்பை எப்படிப் பார்க்குமோ அப்படியே பிள்ளையையும் இன்னொரு இணைப்பாகப் பார்த்துக்கொள்ளும். இது மண்டையில் ஏறிவிட்டால் மீதி எல்லாம் குழாய் வேலை.

படி 1: வொர்க்கரைத் தனியாக எழுதுங்கள்

கனமான வேலையைச் செய்யும் வொர்க்கரைத் தனிக் கோப்பாக எழுதுங்கள். அதில் ட்விஸ்டடே வேண்டாம். தொடக்கத்தில் அகராதியை ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்டேண்டர்டு இன்புட்டிலிருந்து ஒரு வரி படி, வேலையைச் செய், ஸ்டேண்டர்டு அவுட்புட்டில் ஒரு வரி எழுது, மறுபடியும் படி. படித்தது வெறுமையாக வந்தால், அதாவது மறுமுனையில் பைப் மூடிவிட்டால், வெளியேறு. அவ்வளவுதான் வொர்க்கர்.

இதை டெர்மினலில் தனியாக ஓட்டி, கையால் ஒரு வரி தட்டிப் பாருங்கள். இங்கே சரியாக ஓடாத வொர்க்கர் ரியாக்டரின் கீழும் ஓடாது, அங்கே கண்டுபிடிப்பது பத்து மடங்கு கஷ்டம்.

டெர்மினலில் ஓடியது பைப்பில் ஓடாமல் போக ஒரு காரணம் உண்டு. அவுட்புட் டெர்மினலுக்குப் போகும்போது பைத்தான் ஒவ்வொரு வரியையும் உடனே தள்ளிவிடும். பைப்புக்குப் போகும்போது பஃபர் நிறையும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். வொர்க்கர் பதிலை எழுதிவிட்டேன் என்கும், தாய் இன்னும் வரவில்லை என்கும், இரண்டும் உண்மைதான். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஃபிளஷ் செய்யுங்கள், அல்லது பைத்தானை மைனஸ் யு ஆப்ஷனோடு ஓட்டுங்கள். நான் இரண்டையுமே செய்கிறேன்.

இன்னொன்று: வொர்க்கருக்குள் எங்காவது மறந்துபோய் ஒரு பிரிண்ட் விட்டிருந்தால் அந்த வரியும் பதிலோடு கலந்துவிடும். உங்கள் குறிப்புகளெல்லாம் ஸ்டேண்டர்டு எர்ரருக்குப் போகட்டும். நீங்கள் இறக்குமதி செய்த நூலகம் எதையாவது தன் போக்கில் பிரிண்ட் செய்தால் என்ன செய்வது என்பதற்கு மூன்றாம் படியில் ஒரு வழி இருக்கிறது.

படி 2: தாய்ப் பக்கத்தில் புரோட்டோகால்

ட்விஸ்டடில் நெட்வொர்க் இணைப்புக்கு ஒரு புரோட்டோகால் கிளாஸ் எழுதியிருப்பீர்கள். பிராசஸுக்கும் அதே மாதிரி ஒன்று உண்டு, பெயர் பிராசஸ்புரோட்டோகால். அதைப் பரம்பரையாக எடுத்து உங்கள் கிளாஸை எழுதுங்கள். முக்கியமான மெத்தடுகள் இவை: பிராசஸ் தொடங்கியதும் கனெக்‌ஷன்மேட், அது ஏதாவது எழுதினால் அவுட்ரிசீவ்டு, எர்ரர் பக்கம் எழுதினால் எர்ரிசீவ்டு, செத்துப்போனால் பிராசஸ்எக்ஸிட்டட், அதன் பிறகு பிராசஸ்எண்டட். பிள்ளைக்கு எதையாவது அனுப்ப டிரான்ஸ்போர்ட்டின் ரைட்.

எர்ரிசீவ்டை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். வொர்க்கர் விழும்போது பைத்தான் காட்டுகிற முழு விவரமும் அந்த வழியாகத்தான் வரும். அதை லாகில் போடவில்லை என்றால் உங்கள் வொர்க்கர் ஊமையாகச் சாகும்.

படி 3: ஸ்பான்பிராசஸ்

ரியாக்டரின் ஸ்பான்பிராசஸை அழைத்தால் பிள்ளை பிறக்கும். முதலில் உங்கள் புரோட்டோகால் பொருள், அடுத்து ஓட்ட வேண்டிய நிரலின் பாதை, அடுத்து ஆர்கியுமென்ட் பட்டியல், அப்புறம் சூழல் மாறிகள். புதியவர்கள் இதில் மூன்று இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். நான் மூன்றிலும் விழுந்திருக்கிறேன்.

பாதைக்கு வெறுமனே பைத்தான் என்று எழுதாமல், சிஸ் தொகுதியில் இருக்கும் எக்ஸிக்யூட்டபிள் மதிப்பைக் கொடுங்கள். தாய் எந்தப் பைத்தானில் ஓடுகிறதோ அதே பைத்தானில், அதே வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் பிள்ளையும் ஓடும்.

ஆர்கியுமென்ட் பட்டியலின் முதல் இடம் நிரலின் பெயருக்கு உரியது. அதாவது பைத்தானின் பாதையை இரண்டாவது தடவையும் எழுத வேண்டும், அதன் பிறகே மைனஸ் யு, வொர்க்கர் கோப்பு என்று வரிசை. இதை மறந்தால் உங்கள் முதல் ஆர்கியுமென்ட்டை நிரலின் பெயர் என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும்.

சூழல் மாறிகளைக் குறிப்பிடாமல் விட்டால் லினக்ஸில் பிள்ளைக்கு எதுவுமே போகாது, பாத் கூட இல்லாத வெட்டவெளி. தாயின் சூழலை அப்படியே கொடுக்க, பைத்தானின் 'எதுவுமில்லை' மதிப்பான நன் என்று எழுதுங்கள். என் வொர்க்கர் அகராதிக் கோப்பின் இடத்தைச் சூழல் மாறியிலிருந்து படித்தது. டெர்மினலில் கிடைத்த கோப்பு இங்கே கிடைக்காமல் ஒரு மாலை முழுக்கப் போனது.

கடைசியாக சைல்டுஎஃப்டிஸ் என்று ஒரு விருப்பம் உண்டு. பிள்ளைக்கு எந்த எண்ணில் எந்தப் பைப் என்பதை ஒரு டிக்‌ஷனரியாகச் சொல்லலாம். சொல்லாவிட்டால் 0 (பிள்ளையின் ஸ்டேண்டர்டு இன்புட்) தாய் எழுத, 1-உம் (அவுட்புட்) 2-உம் (எர்ரர்) தாய் படிக்க. நூலகம் எதுவோ பிரிண்ட் செய்து குழப்புகிறது என்றேனே, அதற்கு மருந்து இங்கேதான். 3, 4 என்று இரண்டு எண்களைக் கூடுதலாகச் சேர்த்து, கேள்வி பதிலை அந்தப் பைப்புகளில் மட்டும் நடத்துங்கள். 1-இல் யார் என்ன கத்தினாலும் கவலையில்லை. அப்போது அவுட்ரிசீவ்டுக்குப் பதிலாக சைல்டுடேட்டாரிசீவ்டு மெத்தடில் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும், அனுப்ப ரைட்டுசைல்டு.

படி 4: ஒரு செய்தி எங்கே முடிகிறது?

இந்தப் படியில் கொஞ்சம் நிற்போம். தமிழை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது தப்பாமல் வந்து சேரும் தலைவலி.

அவுட்ரிசீவ்டு உங்களுக்குத் தருவது செய்திகளை இல்லை, பைட்டுகளை. வொர்க்கர் ஒரே தடவையில் எழுதியது இரண்டு மூன்று துண்டாக வரலாம். இரண்டு பதில்கள் ஒட்டிக்கொண்டும் வரலாம். சிறிய ஆங்கில வரிகளை வைத்துச் சோதித்தால் பெரும்பாலும் ஒழுங்காக, ஒரு துண்டுக்கு ஒரு செய்தியாக வந்து உங்களை ஏமாற்றும். லினக்ஸ் பைப்பின் இயல்பான கொள்ளளவு 65,536 பைட். அதற்கு மேல் போனால் துண்டாவது உறுதி.

தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். 'தி' என்பது கண்ணுக்கு ஒரு எழுத்து, கணினிக்கு த ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக 6 பைட். துண்டு எங்கே வெட்டுப்படும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று பைட்டின் நடுவில் வெட்டுப்பட்ட துண்டை உடனே டிகோட் செய்யப் போனால் பிழை வந்து நிற்கும். பிழையைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தால் இன்னும் கேவலம், எழுத்து சத்தமில்லாமல் காணாமல் போகும். குறியின் எல்லையில் வெட்டுப்பட்டால் டிகோட் ஆகிவிடும், ஆனால் துண்டின் முதலிலேயே துணைக்கால் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். எழுத்துப் பிழையைத் திருத்துகிற சர்வர் தானே பிழையை உண்டாக்கினால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆகவே வருகிற பைட்டுகளை ஒரு பஃபரில் சேருங்கள். முழுச் செய்தி சேர்ந்த பிறகு மட்டும் டிகோட் செய்யுங்கள். முழுமை என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஜேசான் (தரவை உரையாக எழுதும் வடிவம்), ஒரு வரிக்கு ஒரு செய்தி. உள்ளே இருக்கும் வரிமுறிவுகளை ஜேசான் தானே மறைத்துவிடுவதால் வரி முடிவு என்பது செய்தியின் முடிவாகவே இருக்கும். பைத்தானின் ஜேசான் தொகுதி சாதாரணமாகத் தமிழ்க் குறி ஒவ்வொன்றையும் 6 எழுத்து ஆஸ்கி வடிவமாக மாற்றி எழுதும். என்ஷ்யூர்ஆஸ்கி விருப்பத்தைப் பொய் (ஃபால்ஸ்) என்று வைத்தால் 3 பைட்டோடு போகும்.

ட்விஸ்டடில் வரிவரியாகப் பிரிக்க லைன்ரிசீவர் இருக்கிறதே, அதையே இங்கே மாட்டலாமே என்று தோன்றும். மாட்டலாம், ஆனால் அதன் இயல்பான வரிமுடிவு கேரேஜ் ரிட்டர்னும் நியூலைனும் சேர்ந்தது. உங்கள் வொர்க்கர் எழுதுவதோ வெறும் நியூலைன். மாற்றாவிட்டால் ஒரு வரியும் வராது. இயல்பான உச்ச நீளம் 16,384 பைட். தமிழில் அது ஏறக்குறைய 5,460 குறி, நாலைந்து பக்கத்துக்கே போதாது. ஏஎம்பி என்கிற ட்விஸ்டடின் சொந்தச் செய்தி முறையிலும் ஒரு மதிப்பு 65,535 பைட்டைத் தாண்ட முடியாது. இருபது பக்கக் கட்டுரை அதையும் முட்டும். கடைசியில் நான் போன வழி பழையது: ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 4 பைட்டில் நீளம், பின்னால் அத்தனை பைட்டுகள். முதல் படியின் வொர்க்கரும் வரிக்குப் பதிலாக இப்படியே படித்து எழுத வேண்டும். பஃபரில் 4 பைட் சேர்ந்ததா பார், நீளத்தை எடு, அத்தனையும் வந்துவிட்டதா பார், வெட்டி எடு, மீதியை வைத்துக்கொள், மறுபடியும் பார். பத்துப் பதினைந்து வரியில் முடிகிற வேலை. மறுபடியும் பார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இரண்டு பதில் ஒட்டிக்கொண்டு வந்தால் இரண்டாவது அங்கேயே தூங்கும்.

படி 5: வொர்க்கர் கூட்டமும் வரிசையும்

ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய பிராசஸ் தொடங்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் பைத்தான் கிளம்பி, அகராதியை ஏற்றி, ஒரு பத்தியைப் பார்த்துவிட்டுச் சாவது வீண். கொஞ்சம் வொர்க்கர்களை முன்கூட்டியே தொடங்கி உயிரோடு வைத்திருங்கள்.

எத்தனை? கோர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறையுங்கள், அந்த ஒன்று ரியாக்டருக்கு. கூட்டினால் வேகம் கூடாது, நினைவகம்தான் போகும். ஒவ்வொரு வொர்க்கரும் அகராதியின் முழு நகலை வைத்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

தாயிடம் இரண்டு பட்டியல்கள் போதும்: சும்மா இருக்கிற வொர்க்கர்கள், காத்திருக்கிற வேலைகள். கோரிக்கை வந்தால் ஒரு டிஃபர்டை (பதில் பிறகு வரும் என்பதற்கான டோக்கன்) உண்டாக்கித் திருப்பிக் கொடுங்கள். சும்மா இருக்கிற வொர்க்கர் இருந்தால் அதனிடம் வேலையை எழுதுங்கள், இல்லாவிட்டால் வரிசையில் போடுங்கள். பதில் வந்ததும் டிஃபர்டின் கால்பேக்கை அழையுங்கள். வொர்க்கர் விடுபட்டதும் வரிசையின் தலையிலிருந்து அடுத்ததை எடுங்கள். எல்லாம் ஒரே த்ரெட்டில் நடப்பதால் பூட்டு எதுவும் வேண்டாம், ஈவென்ட் லூப்பின் சுகம் இது.

ஒரு வொர்க்கரிடம் ஒரு நேரத்தில் ஒரே வேலை. இரண்டாவது வேலையையும் அதன் பைப்பில் முன்கூட்டியே தள்ளிவிட ஆசை வரும், வேண்டாம். வொர்க்கர் செத்தால் எந்த வேலை அதைக் கொன்றது என்று தெரியாமல் போகும்.

வரிசைக்கு ஒரு நீளம் வையுங்கள். அதற்கு மேல் வருகிறவர்களிடம் 'பிறகு வாருங்கள்' என்று உடனே சொல்லிவிடுவது, ஐந்து நிமிடம் காக்க வைத்து இணைப்பு அறுவதைவிட மரியாதை.

இந்த வேலையெல்லாம் எனக்கு எதற்கு என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: கான்கரன்ட் ஃபியூச்சர்ஸ் தொகுதியின் பிராசஸ்பூல்எக்ஸிக்யூட்டரை ஃபோர்க் இல்லாமல் ஸ்பான் முறையில் தொடங்கி ட்விஸ்டடோடு பயன்படுத்தலாம். அதன் முடிவு வேறொரு த்ரெட்டில் வந்து விழும் என்பதால் கால்ஃப்ரம்த்ரெட் வழியாகத்தான் ரியாக்டருக்குள் கொண்டுவர வேண்டும், நேரடியாக டிஃபர்டைத் தொடக் கூடாது. சிறிய வேலைகளுக்கு நன்று. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு வேலையை மட்டும் பாதியில் கொல்ல வேண்டுமென்றால் அது கைகொடுக்காது, எனக்கு அது வேண்டியிருந்தது.

படி 6: சாவைக் கையாளுதல்

பிராசஸ் சாகும். சாகாது என்று எழுதிய நிரல்தான் இரவு இரண்டு மணிக்கு எழுப்பும்.

முதலில், நீங்களே கொல்ல வேண்டிய நேரம். ஒழுங்கில்லாத ஒரு வாக்கியம் என் ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்றை முடிவே இல்லாத தேடலில் சிக்க வைத்தது. சிக்கிய வொர்க்கரிடம் நிறுத்து என்று எழுதிப் பயனில்லை, அது படிக்கிற நிலையிலேயே இல்லை. வேலையைக் கொடுக்கும்போதே ரியாக்டரின் கால்லேட்டரில் ஒரு அலாரம் வையுங்கள், 20 விநாடி என்று வைத்துக்கொள்வோம். பதில் வந்தால் அலாரத்தை ரத்து செய்யுங்கள். அலாரம் அடித்தால் சிக்னல்பிராசஸ் வழியாகக் கில் சிக்னல். அதற்குள் பிராசஸ் தானே போயிருந்தால் பிராசஸ்எக்ஸிட்டட்ஆல்ரெடி என்ற பிழை எழும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். த்ரெட்டை இப்படிக் கொல்ல முடியாது. பிராசஸைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

பிராசஸ் போனதும் வருகிற இரண்டு மெத்தடுகளின் வித்தியாசம் பலருக்குப் பிடிபடுவதில்லை. பிராசஸ்எக்ஸிட்டட் என்றால் ஆள் போய்விட்டார். பிராசஸ்எண்டட் என்றால் ஆள் போய், பைப்புகளும் எல்லாம் மூடி, இனி ஒரு பைட்டும் வராது. வொர்க்கர் தன் பங்குக்கு இன்னொரு பிராசஸைத் தொடங்கி, அந்தப் பேரப்பிள்ளை பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் பிராசஸ்எண்டட் வரவே வராது. வொர்க்கர் பேரப்பிள்ளை பெறாதவரை பிராசஸ்எண்டடில் கணக்கை முடிப்பதே நல்லது, கடைசி நேரத்தில் வந்த பிழைச் செய்தியும் கையில் இருக்கும்.

அங்கே செய்ய வேண்டியவை: அந்த வொர்க்கர் வைத்திருந்த வேலையின் டிஃபர்டுக்கு எர்பேக் (வேலை தோற்றது என்ற அறிவிப்பு) கொடுங்கள், இல்லாவிட்டால் பயனர் காலமெல்லாம் காத்திருப்பார். காரணத்தை லாகில் எழுதுங்கள். ஒழுங்காக முடிந்தால் பிராசஸ்டன், இல்லையென்றால் பிராசஸ்டெர்மினேட்டட். பின்னதில் எக்ஸிட்கோடும் சிக்னலும் இருக்கும். நீங்கள் கொல்லாமலே சிக்னல் 9 என்று இருந்தால் பெரும்பாலும் நினைவகம் தீர்ந்துபோய் கெர்னல் பலி கொடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு மாற்று வொர்க்கரைத் தொடங்குங்கள், ஆனால் உடனே அல்ல. வொர்க்கர் கோப்பில் ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் பிறந்ததும் சாகும், செத்ததும் பிறக்கும், லாக் கோப்பு வட்டை நிரப்பும். 1 விநாடி, 2, 4 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, ஒரு நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வேலையையாவது வெற்றிகரமாக முடித்தால் இடைவெளியை மறுபடியும் ஒன்றாக்குங்கள். வொர்க்கரைக் கொன்ற வேலையை வேறு வொர்க்கரிடம் கொடுத்துப் பார்ப்பதென்றால் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். விஷம் வைத்த அந்த ஒரு பத்தி வரிசையாக எல்லா வொர்க்கர்களையும் சாய்த்துவிடும்.

படி 7: கடையை மூடுதல்

சர்வரை நிறுத்தும்போது வொர்க்கர்களும் ஒழுங்காகப் போக வேண்டும். ரியாக்டரின் ஆட்சிஸ்டம்ஈவென்ட்டிரிகரில், ஷட்டவுனுக்கு முன்பு ஓட வேண்டும் என்று ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்யுங்கள். அதில் ஒவ்வொரு வொர்க்கருக்கும் குளோஸ்ஸ்டிடிஇன். வேலைக்கு 3-ஆம் எண் பைப்பை வைத்திருந்தால் மூட வேண்டியது அதை. வொர்க்கரின் படிக்கும் வரி வெறுமையாகத் திரும்பும், அது தானே வெளியேறும். எல்லோரும் போனதும் நிறைவேறுகிற ஒரு டிஃபர்டை அந்த ஃபங்ஷன் திருப்பிக் கொடுத்தால் ரியாக்டர் காத்திருக்கும். சில விநாடிகளில் போகாதவர்களுக்குக் கில். மாற்று வொர்க்கர் தொடங்கும் பகுதிக்கு மூடிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு கொடி வைத்துச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, நிறுத்த நிறுத்த முளைத்துக்கொண்டே இருந்தார்கள்.

டெர்மினலில் கண்ட்ரோல்-சி அழுத்தினால் அந்தச் சிக்னல் தாய்க்கு மட்டும் போவதில்லை, முன்னணியில் இருக்கும் பிராசஸ் குழு முழுவதற்கும் போகும். தாய் நிதானமாக மூடத் தொடங்குவதற்குள் வொர்க்கர்கள் கீபோர்டுஇன்டரப்ட் என்று அலறிக்கொண்டு விழுவார்கள். வொர்க்கர் கோப்பின் தொடக்கத்தில் அந்த ஒரு சிக்னலை மட்டும் புறக்கணிக்கச் சொல்லுங்கள். தாயில் சொன்னால் போதாது, பிள்ளையைத் தொடங்கும்போது ட்விஸ்டட் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும்.

வேலை அல்ல, இணைப்புகளே அதிகமென்றால்

இதுவரை சொன்னது கணக்கு கனமாக இருக்கும் நிலை. சிலருக்கு ஒவ்வொரு வேலையும் சிறியது, ஆனால் இணைப்புகள் குவிந்து ஒரு கோர் போதாமல் போகும். அப்போது வேண்டியது ஒரே போர்ட்டில் பல ரியாக்டர். தாய் லிசன்டிசிபி மூலம் போர்ட்டைத் திறக்கும். ஸ்பான்பிராசஸின் சைல்டுஎஃப்டிஸில் அந்தப் போர்ட்டின் ஃபைல்நோவைப் பிள்ளைக்கும் கொடுத்து, எண்ணை ஆர்கியுமென்ட்டாகச் சொல்லும். இங்கே பிள்ளை ஒரு முழு ட்விஸ்டட் நிரல். தன் ரியாக்டரின் அடாப்ட்ஸ்ட்ரீம்போர்ட்டை அந்த எண்ணோடு அழைத்துத் தானும் கேட்கத் தொடங்கும். ஃபோர்க் நகல் இல்லை, ஒவ்வொருவருக்கும் சொந்த ரியாக்டர், பொதுவில் இருப்பது கேட்கும் சாக்கெட் ஒன்றுதான்.

இணைப்பு ஒன்று வந்ததும் பல பிராசஸ்கள் விழித்து ஓடிவரும், ஒன்றுக்குத்தான் கிடைக்கும், மற்றவை வெறுங்கையோடு தூங்கப் போகும். நாலைந்து பிராசஸ் வரை இதைப் பற்றி அலட்டிக்கொள்ளாதீர்கள்.

அலட்டிக்கொள்ள வேண்டியது வேறு: நினைவகம் பொது இல்லை. உள்நுழைந்தவர்கள் பட்டியலை ஒரு டிக்‌ஷனரியில் வைத்திருந்தீர்கள் என்றால் இப்போது நாலு டிக்‌ஷனரி. முதல் கோரிக்கையில் உள்நுழைந்தவர் இரண்டாவதில் அந்நியராவார். அவற்றையெல்லாம் வெளியே ஒரு தரவுத்தளத்துக்கு நகர்த்திவிட்டுத்தான் இந்தப் பக்கம் வரவேண்டும்.

வெளி நிரல் ஒன்றை ஒரே ஒரு தடவை ஓட்டி அதன் வெளியீட்டை வாங்கினால் போதும் என்றால் இதில் எதுவும் தேவையில்லை. ட்விஸ்டடின் கெட்பிராசஸ்அவுட்புட் ஒரு டிஃபர்டைத் தரும், முடிந்தது கதை. அந்த நிரல் ஸ்டேண்டர்டு எர்ரரில் ஏதாவது முணுமுணுத்தால் மட்டும் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும். முணுமுணுப்பையும் வாங்கிக்கொள்கிற கெட்பிராசஸ்அவுட்புட்அண்ட்வேல்யூ பக்கத்திலேயே இருக்கிறது.

2014-இல் பைத்தானுக்குள் வந்த அசிங்க்ஐஓவில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே பாதைதான். புரோட்டோகால், டிரான்ஸ்போர்ட் என்ற சொற்களையே அது ட்விஸ்டடிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஓடுகிற லூப்பை ஃபோர்க் செய்யாதே, லூப்பிடமே பிராசஸைத் தொடங்கச் சொல் என்பது அங்கேயும் மாறவில்லை.

சோதித்துப் பாருங்கள்

எழுதி முடித்ததும் இரண்டு டெர்மினல், ஒரு பிரவுசர். ஒரு நீண்ட கட்டுரையை அனுப்பிவிட்டு, இன்னொரு டேபில் முகப்புப் பக்கத்தைத் திறங்கள். உடனே வர வேண்டும். இன்னொரு நீண்ட கட்டுரையை அனுப்பி, அதைப் பார்க்கிற வொர்க்கரை இரண்டாவது டெர்மினலிலிருந்து கொல்லுங்கள். அனுப்பியவருக்குப் பிழைச் செய்தி வர வேண்டும், சில விநாடிகளில் மாற்று வொர்க்கர் எழ வேண்டும். வொர்க்கர் கோப்பில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து, லாக் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பாருங்கள். ஆய்த எழுத்தும் கிரந்தமும் ஈமோஜியும் கலந்து ஒரு லட்சம் எழுத்துகளை அனுப்பி, திரும்பி வந்ததை அனுப்பியதோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். கடைசியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கண்ட்ரோல்-சி. ஓடும் பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் உங்கள் வொர்க்கர் ஒன்றுகூட மிஞ்சி நிற்கக் கூடாது. நின்றால் ஏழாம் படியில் அந்தக் கொடியைத் தேடுங்கள்.